பனியில் ஊதாக் கறை

வடதுருவத்துக்குக் கிட்டே இருக்கும் எங்கள் ஔலு நகரத்தில் காபி வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே பெண் சைமி கார்ப்பினன்தான் என்று அவள் போய்வருகிற வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுப்பது, காலுறை மாட்டிவிடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சூப்பைச் சூடாக்கி முன்னால் வைப்பது எல்லாம் அவள் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் காபி இருக்கும், தட்டில் ஏலக்காய் பன் இருக்கும். பன்னை எடுத்துக்கொள்வாள், கோப்பையைத் தள்ளிவிடுவாள். தலைக்கனம் என்றார்கள் சிலர். வயிற்றில் புண் இருக்கும், பாவம் என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. காபி குடித்தால் ஒன்றுக்கு வரும், அவ்வளவுதான் விஷயம்.

சைமி வேலைக்குப் போவது சைக்கிளில். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. மைனஸ் இருபதிலும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களில் சைக்கிள்கள் குவிந்துதான் கிடக்கும். ஆனால் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அலுவலகக் காரில் போவார்கள். பனிக்காலம் முழுக்க, முள் பதித்த டயரில், ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாள் பூராவும் மிதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அதற்கேற்ற உடுப்பு வேண்டாமா? உடம்போடு ஒட்டிய கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளி, அதன்மேல் தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த காற்றுப் புகாத ஓவரால். ஒரு தடவை ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் தோளிலிருந்து உரித்துக்கொண்டு வரவேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை, எங்கே போவது? பிறர் வீட்டுக் கழிப்பறையைக் கேட்பதைவிட அவர்கள் நகைப்பெட்டியைக் கேட்பது சைமிக்குச் சுலபம். எங்கள் ஜனங்கள் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்களோடு சௌனா என்கிற நீராவி அறையில் துணியில்லாமல் உட்கார்ந்து வியர்த்து வழிய எங்களுக்குக் கூச்சமே கிடையாது. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பது என்றால் மட்டும் உயிர் போய்விடும். சேவை செய்யப் போன வீட்டில், நோயாளியைக் காக்க வைத்துவிட்டு, "உங்க பாத்ரூம் எங்கே?" என்று கேட்பதாவது!

அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். காலையில் வீட்டில் ஒரு காபி. அதன் பிறகு மாலைவரை ஒரு சொட்டு கிடையாது. யாராவது கேட்டால், "இந்தக் குளிர்ல தாகம் எங்கே எடுக்குது?" என்பாள். உண்மைதான், குளிரில் தாகம் தலைகாட்டாது. மிதிக்க மிதிக்க வாயிலிருந்து வெளியேறிய ஈரமெல்லாம் கழுத்துத் துணியில் வெள்ளைப் பனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து அதை உதறிப் போடுவாளே தவிர, அது தன் உடம்பிலிருந்து போன தண்ணீர் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்தச் சைக்கிளை விட்டுவிட்டால்தான் என்ன என்று கேட்கலாம். ரீக்காவே கேட்டிருக்கிறாள். ரீக்கா அவளுக்கு மேலதிகாரி, வயதில் சின்னவள், நல்லவள், வாய்தான் நீளம். அவளுக்குச் சைமி சொன்ன பதில் ஒன்றுதான்: "ஒரு வீட்டுல ஒருத்தர் என் கையைப் பிடிச்சிட்டு அழறாங்க. அடுத்த வீட்டுக்கு நான் சிரிச்ச முகமா போகணும். நடுவுல ஆத்துப் பாலத்துல காத்து மூஞ்சியில அறைஞ்சாத்தான் எனக்கு அது முடியும். கார்ல உக்காந்தா அந்த அழுகையும் பின் சீட்டுல ஏறி உக்காந்துக்கும்." இதைச் சொல்லும்போது அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் இந்த வேலையில் தன்னால் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

காட்டோரத்தில், மரவீட்டில் இருந்தார் தாவெத்தி. பனி உடைக்கும் கப்பலில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவார். மனைவி வைத்துவிட்டுப் போன செம்பருத்தி ஒன்று ஜன்னலை அடைத்துக்கொண்டு, நடுக்குளிர்காலத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பூத்திருக்கும். சைமி தினமும் அவர் மேசையில் ஒரு ஜக் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் வந்து பார்த்தால் ஜக் காலியாக இருக்கும். அவளுக்கு அதில் தனிப் பெருமை. கட்டிலோரம் வைத்துக்கொள்ள ஒரு கழிப்பு நாற்காலி தருகிறேன் என்று சொன்னபோது மட்டும், "கப்பல்ல இருந்தவன் நான், பானையில உக்காரமாட்டேன்" என்று மறுத்துவிட்டார்.

ஜனவரியில் ஒருநாள் அவர் உதட்டைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"தாவெத்தி, உதடு வெடிச்சிருக்கே. தண்ணி குடிக்கறீங்களா இல்லையா?"

"ஜக்கைப் பாரு. காலியா இருக்கா?"

காலியாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் தலை சுத்துதுன்னு சொல்றீங்க? குளிர்லதான் உடம்பு அதிகமா காயும். தாகம் எடுக்கலேன்னாலும் குடிக்கணும். உங்க வயசுக்கு இது விளையாட்டு இல்ல. எத்தனை தடவை நான்..."

சொல்லிக்கொண்டே ஜக்கை நிரப்பத் திரும்பியவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் சரிந்தாள்.

கண் விழித்தபோது அவள் கால்கள் தாவெத்தியின் நடைவண்டி இருக்கைமேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன. அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்துணியை அவள் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாடம் நல்லாத்தான் இருந்துச்சு பொண்ணே," என்றார். "முடிவை மட்டும் கொஞ்சம் மாத்தணும்."

அவர் அதற்குள் ரீக்காவுக்குப் போன் போட்டுவிட்டிருந்தார். ரீக்கா காரில் வந்து, பேச்சே இல்லாமல் சைமியை ஏற்றிக்கொண்டுபோய் ஊழியர் மருத்துவரிடம் நிறுத்தினாள். சிறுநீர் கொடு என்று ஒரு சின்னக் கோப்பையைக் கையில் தந்தார்கள். சைமி கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது கோப்பையின் அடி மட்டும் நனைந்திருந்தது, அதுவும் கறுத்த தேன் நிறத்தில்.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க சிறுநீரகம் ரொம்ப நாளா பொறுமையா இருந்திருக்கு. இனிமே இருக்காது," என்றார். "ஒரு மாசம் பார்ப்போம். சைக்கிள்ல போங்க, ஆனா வழியில குடிங்க. திரும்பி வரும்போது எல்லாம் சரியா இருந்தா சைக்கிள் உங்களோடது. இதே மாதிரி இருந்தா, இனி பனிக்காலம் வந்தா கார்தான்."

"தினம் சாயங்காலம் காலி பாட்டிலை என் மேசையில கொண்டுவந்து வை," என்றாள் ரீக்கா. "உன்னை நம்பறேன். ஆனாலும் வை."

சைமி பிடிவாதக்காரி. குடிப்பது என்று ஆகிவிட்டால் குடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். முதல் நாள் தண்ணீர் பாட்டிலைச் சைக்கிள் சட்டத்தில் செருகிக்கொண்டு போனாள். இரண்டாவது வீட்டிலிருந்து வெளியே வந்தபோது அது ஒரு கல்லாகியிருந்தது, ஆணி அடிக்கலாம். மறுநாள் கொதிக்கக் கொதிக்க நீரை இரும்பு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள். பாலத்தின் நடுவில் நின்று, மூடியில் ஊற்றிக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். சுட்ட நாக்கோடு கொஞ்சதூரம் போய், சூடு ஆறியிருக்குமா என்று பார்க்க மூடியை அப்படியே உதட்டில் வைத்தாள். மைனஸ் இருபத்தைந்து. உதடு இரும்போடு ஒட்டிக்கொண்டது.

பனிக்காலத்தில் இரும்பை நக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஏனென்றால் எல்லாரும் ஒருதடவை நக்கிப் பார்த்திருப்போம். ஐம்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி பாலத்தின் நடுவே ஃபிளாஸ்க் மூடியை வாயில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகிற சைக்கிள் பட்டாளம் மொத்தமும் பிரேக் பிடித்தது.

"இழுக்காதீங்க அத்தை! ஊதுங்க, ஊதுங்க!"

ஊதினாள். மூடி வந்தது, கொஞ்சம் தோலும் வந்தது. பட்டாளம் கைதட்டிவிட்டுப் போயிற்று. சைமிக்கு மானம் போனாலும் புத்தி வந்தது. அன்று மாலையே கடைக்குப் போய், ஓட்டக்காரர்கள் வாங்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் பை ஒன்றை வாங்கினாள், வாயும் பிளாஸ்டிக்தான். அதில் வெதுவெதுப்பாக பிளாக்கரண்ட் என்னும் ஊதாப் பழத்தின் சாறு, தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஓவராலுக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மிதிக்கிற உடம்பின் சூட்டில் சாறு கடைசிவரை வெதுவெதுப்பாகவே இருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் ஒரு வாய். ஓரிரு நாளிலேயே பாலத்தின் ஏற்றத்தில் கால் லேசாகப் போவதைக் கவனித்தாள். பிற்பகலில் வழக்கமாக வரும் தலைவலி வரவில்லை. இது வயசாவதனால் வருகிற தலைவலி என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்து அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது.

குடித்தது உள்ளேயே இருக்குமா? இருக்கவில்லை. முதல் வீட்டு இர்யா அம்மாளுக்குக் காலுறை மாட்டும்போது நெளிந்தாள். அங்கிருந்து நூலகத்துக்கு ஓடினாள், நூலகம் இன்னும் திறக்கவில்லை. பெட்ரோல் நிலையத்துக்குச் சுற்றிக்கொண்டு போய் வந்ததில் அடுத்த வீட்டுக்குத் தாமதம். கடைசியில் ஒருநாள் வேறு வழியில்லாமல் காட்டோர ஊசியிலை மரம் ஒன்றின் பின்னால் ஓவராலை உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பனிச்சறுக்கில் ஒரு மனிதர் அந்தப் பக்கமாகவே வந்து சேர்ந்தார். நாகரிகம் தெரிந்தவர், வானத்தைப் பார்த்தபடியே கடந்து போனார். "நல்ல வெயில்," என்று மட்டும் சொன்னார். வெயிலே இல்லை.

அதோடு சைமி தோற்றுப்போனாள். மறுநாள் முதல் பை நிரம்பியபடியே நெஞ்சில் கிடந்தது. ஆனால் மாலையில் ரீக்காவின் மேசையில் காலியாக வைக்கவேண்டுமே! கடைசி வீடு தாவெத்தியுடையது. அவர் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய், சாற்றைப் பனியில் கொட்டிவிட்டு, பையை உதறிப் பிழிந்து மடித்துக்கொண்டு அலுவலகம் போனாள். ரீக்கா காலிப் பையைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு மாதக் கெடுவில் பாதி போய்விட்டது, மருத்துவரின் கோப்பையை ரீக்காவைப்போல ஏமாற்ற முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த வாரம் பார்த்து வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. புதுப் பனி விழவே இல்லை.

"விறகுக் கொட்டகைக்குப் பின்னால நரி எதையோ கொன்னுபோடுது," என்றார் தாவெத்தி, சூப்பைக் கிண்டியபடி.

"அப்படியா?"

"தினம் கொல்லுது. நீ கிளம்பற நேரம் பாத்துத்தான் கொல்லுது. படுக்கையறை ஜன்னல்ல நின்னா பின்பக்கம் தெரியும், கப்பல்ல வச்சிருந்த பைனாகுலரை எடுத்துப் பாத்தேன். ரத்தம் ஊதா நிறத்துல இருக்கு. ஊதா ரத்தம் எந்தப் பிராணிக்குப் பொண்ணே? நீ படிச்சவ, சொல்லு."

சைமியின் முகம் காதுவரை சிவந்தது. மழுப்பிப் பார்த்தாள். கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருப்பதில் எங்கள் ஊர்க்காரரை யாரும் ஜெயிக்க முடியாது. அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: மருத்துவர், கெடு, ஓவரால், ஊசியிலை மரம், வானம் பார்த்த மனிதர். தாவெத்தி இருமல் வரும்வரை சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க!" சைமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன! பாத்ரூம் வீட்டுக்குள்ளேயே இருக்கு. நினைச்சா போகலாம், நினைச்சா வரலாம்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நடையின் கோடியில் இருந்த கழிப்பறைக் கதவைக் கொஞ்சநேரம் பார்த்தார். அந்த நடை நீளமானது. நடுவில் ஒரு வாசற்படி வேறு.

"நினைச்சா போகலாம்தான்," என்றார். "போய்ச் சேரணுமே. அந்த வாசப்படியில வண்டியைத் தூக்கி வைக்கறதுக்குள்ள... ஒரு தடவை ஆயிடுச்சு. இலையுதிர் காலத்துல. இருட்டுல விழுந்துடுவேனோன்னு தரையைத் துடைக்கக் குனியவும் இல்ல. விடியறவரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். நீ வர்றதுக்குள்ள எப்படியோ துடைச்சிட்டேன்."

சைமி அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுலேருந்து குடிக்கறதில்ல."

"ஜக் காலியா இருக்குதே?"

தாவெத்தி ஜன்னல் பக்கம் தாடையால் காட்டினார். சைமி செம்பருத்தியைப் பார்த்தாள். பளபளவென்று இலை. கையகலப் பூ. வெளியே ஆறே உறைந்துகிடக்கும் மாதத்தில் புது மொட்டு வேறு விட்டிருந்தது. தினமும் வந்து, "என்ன அழகு, என்ன அழகு" என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்தான். இவர் உதடு வெடிப்பதையும் அந்தச் செடி செழிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் பனியில் கொட்டினாள், அவர் தொட்டியில் கொட்டினார். அவரைப் போய் எத்தனை தடவை அதட்டியிருக்கிறாள்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்புத்தான் முதலில் வெளியே வந்தது.

"ஊர்லயே பெரிய திருடங்க நாம ரெண்டு பேரும்தான் தாவெத்தி."

"நான் புத்திசாலித் திருடன். செடியாவது வளந்துச்சு. நீ நரியை வளத்திருக்க."

பிறகு அவர் பேரம் பேசினார், கப்பல்காரர் பேரம். "சரி, நான் சொல்றதைக் கேளு. அந்தப் பானை நாற்காலியைக் கொண்டாந்து கட்டில் பக்கத்துல போடு. உக்கார்றேன். ஆனா நீ இந்த வீட்டுப் பாத்ரூமுக்குப் போகணும். இன்னிக்கே. இப்பவே. நீ போகலேன்னா நான் உக்காரமாட்டேன்."

"இது நல்லா இல்ல."

"நல்லாத்தான் இல்ல. எனக்கும்தான் நல்லா இல்ல. அந்தச் சாறு மிச்சம் இருக்கா? எடு."

நெஞ்சிலிருந்து பையை எடுத்து இரண்டு கோப்பையில் ஊற்றினாள். மிதித்து வந்த உடம்பின் வெதுவெதுப்பு இன்னும் அதில் இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து, மருந்து குடிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு குடித்தார்கள். அரைமணி கழித்துச் சைமி எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, அந்த நீண்ட நடையில் போனாள். ஓவராலோடு மல்லுக்கட்டும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

"கப்பலை நிறுத்தவே இவ்வளவு நேரம் ஆகாது!" என்று கத்தினார் தாவெத்தி.

"வாயை மூடுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் சைமி. ஒரு நோயாளியிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு வீட்டில் போய்விட்ட பிறகு அடுத்த வீட்டில் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இர்யா அம்மாளிடம், காலுறையை மாட்டிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். இர்யா அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இடது பக்கம் ரெண்டாவது கதவு. இத்தனை வருஷமா உனக்கு அதெல்லாம் வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார். பிறகு, "அப்ப காபி ஊத்தவா?" என்று கேட்டார். சைமி கோப்பையைத் தள்ளவில்லை. அந்த வீட்டுக் காபி இத்தனை நன்றாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு ஒரு வாய். வீட்டுக்கு வீடு ஒரு கதவு. கழுத்துத் துணியில் பனி அப்படியேதான் படிந்தது. இப்போது அதை உதறும்போது, போனதை ஈடுகட்டியாயிற்று என்று ஒரு திருப்தி. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஊதாக் கறைமேல் ஒருவழியாகப் புதுப் பனி விழுந்து மூடியது.

கெடு முடிந்த அன்று அதே சின்னக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். சைமி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். நர்ஸ் நிரம்பி வழிகிற கோப்பையைப் பார்த்து, "இவ்வளவு தேவையில்ல" என்றாள். வைக்கோல் நிறம். அன்று எடுத்த இரத்தத்தின் முடிவும் மறுநாள் வந்தது. மருத்துவர் காகிதத்தைப் படித்துவிட்டு, "சைக்கிள் உங்களோடதுதான்," என்றார். ரீக்கா அவளைக் கட்டிப்பிடிக்க வந்து, ஓவராலுக்குள் இருந்த பை நடுவில் பிதுங்கவே, "ஐயோ, இது என்ன குழந்தையா?" என்று விலகினாள்.

பிப்ரவரி வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சைமி பாலத்தில் எழுந்து நின்று மிதித்தாள். காற்று முகத்தில் அறைந்தது. இந்தக் குளிர்காலம் மட்டுமல்ல, வரப்போகும் குளிர்காலங்களும் தன்னுடையவைதான் என்று நினைத்தபோது பாட வேண்டும்போல் இருந்தது. பாடினால் தொண்டை காயும் என்று ஒரு வாய் குடித்துக்கொண்டாள்.

தாவெத்தி மேசையில் இருந்தார். உதடு ஆறியிருந்தது. ஜக் காலி.

"என்ன ஆச்சு?"

"சைக்கிள் என்னோடது."

"தெரியும். மூஞ்சியிலேயே எழுதியிருக்கு."

சைமி சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவள் திடுக்கிட்டாள். கெடுவின் கவலையில் சில நாளாக அவள் திரும்பிப் பார்க்காத செம்பருத்தி தலை தொங்கிக் கிடந்தது. இலைகள் ஈரத்துணிபோல் சுருண்டிருந்தன. மொட்டு ஒன்று மண்ணில் உதிர்ந்திருந்தது.

"தாவெத்தி, செடி! செத்துப்போகுது!"

"சாகாம என்ன செய்யும்?" என்றார் அவர் நிதானமாக. "அதோட தண்ணியை நான் குடிச்சிடறேனே."

அவள் ஜக்கை நிரப்பினாள். அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, மிச்சம் முழுவதும் தொட்டியில். மண் அதைச் சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது. பிறகு சைமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஓவராலின் ஜிப்பை இறக்கியபடி, யாரையும் கேட்காமல் நடையின் கோடிக்குப் போனாள்.